மஸ்கட் பக்கம் பறவை பார்க்க ஏதும் இருக்கோ எண்டு கேட்ட தம்பிக்கு

முதல்ல கேள்வியை ஒருக்கா திருப்பிச் சொல்றன், பிழையெண்டா திருத்துங்கோ. தம்பி ஜனவரியில மஸ்கட்டுக்கு வேலைக்குப் போறார், ரெண்டு வருச கொன்ட்ராக்ட். இங்க தலங்கம வயலிலயும் ஹோர்டன் பிளேன்ஸ்லயும் பறவை பார்த்துப் பழகின ஆள். போன டிசம்பரில அங்க நிஸ்வா எண்ட ஊரில இருக்கிற அண்ணனைப் பார்க்கப் போனவராம், ரோட்டு நெடுக கல்லும் மண்ணும் மொட்டை மலையும்தானாம், நாலு நாளில கண்டது ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி, கேட்டது ராத்திரி ஒரு ஆந்தைச் சத்தம், அவ்வளவுதான். "பைனாகுலரைக் கொண்டு போறதோ வித்துட்டுப் போறதோ, நுவரெலியா மாதிரி மலைக்கு ஏறினா வேற பறவை வருமோ" எண்டு கேட்டிருக்கிறீங்கள். எனக்கு விளங்கின அளவில நீங்கள் கேட்கிறது பறவை லிஸ்ட் இல்ல. அந்த வெறும் நிலத்தில கண்ணை எங்க வைக்கிறது எண்டதுதான் கேள்வி.

நான் விலங்கியல் படிச்ச ஆள் இல்ல, கியூ.எஸ். வேலை, கட்டுமானத்தில அளவும் செலவும் கணக்குப் பார்க்கிறது. ஓமானில பதினொரு வருசம், அதில பாதிக்கு மேல ரோட்டு புரொஜெக்ட், சைட் காம்ப்தான் வீடு. வெள்ளிக்கிழமையில மற்றவங்கள் நித்திரை கொள்ள நான் பழைய பைனாகுலரையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவன், விசர் எண்டுதான் சொன்னவங்கள். அதால வடக்கு ஓமான் ஹஜர் மலைப் பக்கம் எனக்கு வடிவா தெரியும், தெற்கில தோஃபாருக்கு ரெண்டே தரம்தான் போனனான், அதைப் பற்றிக் கொஞ்சமாத்தான் கதைப்பன்.

நீங்கள் விட்ட பிழை நானும் முதல் வருசம் விட்ட பிழைதான். எங்கட நாட்டில உயரம் ஏறினா பறவை மாறும். கொழும்பில இருந்து ஹோர்டன் பிளேன்ஸுக்கு ரெண்டாயிரம் மீற்றர் ஏறினால் மழை கூடும், மரம் மாறும், கீழ காணாத சாதியெல்லாம் வரும். ஹஜரில ஜெபல் அக்தர் மலைக்கு மேல இருக்கிற சைக் எண்ட சமதரையும் கிட்டத்தட்ட அதே ரெண்டாயிரம் மீற்றர்தான். ஆனா கீழ கண்ட அதே பாலைவன வானம்பாடியும் அதே கறுப்பு வெள்ளைக் குருவியும் அங்கயும் நிக்கும். உயரத்தால குளிர் வருது, காடு வரேல்ல. ஓ/எல் தமிழுக்குப் பாடமாக்கினமே, குறிஞ்சியும் முல்லையும் காய்ஞ்சு போனால் பாலை எண்டு, ஹஜர் மலைக்கு முன்னால நிண்டபோதுதான் எனக்கு அது உண்மையா விளங்கினது. பாலைக்குப் பறவை புறா, பருந்து, எருவை, கழுகு எண்டு எழுதி மார்க்ஸ் எடுத்தமே, அதுவும் அங்க அப்படியே சரி. ஆகவே அங்க உயரத்தை விட்டிட்டு தரையைப் பாருங்கோ. மணலோ, சரளைக்கல்லோ, பாறையோ, என்ன நிறம், தண்ணி எவ்வளவு தூரம், ஒரு மரமாவது நிக்குதோ. இதைப் பார்த்தாலே என்ன பறவை வரும் எண்டு பாதி சொல்லிப்போடலாம்.

உங்கட கறுப்பு வெள்ளைக் குருவிக்கு வாறன். பாறையில நிமிர்ந்து நிண்டது, தலை கறுப்பு, வயிறு வெள்ளை, பறக்கக்க முதுகடியில வெள்ளை பளிச்செண்டு தெரிஞ்சது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அநேகமா அது ஹியூம்ஸ் வீட்டியர்தான், வடக்கு ஓமான் மலையில எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒண்டு நிக்கும், மஸ்கட் நகரத்துக்குள்ள இருக்கிற மொட்டைக் குன்றுகளிலயும் இருக்கு. எங்கட சைட்டில எக்ஸ்கவேட்டரை நிப்பாட்டினா ரெண்டு நிமிசத்தில பக்கெட்டுக்கு மேல வந்து குந்தும், தோண்டின இடத்தில பூச்சி வெளிய வரும் எண்டு அதுக்குத் தெரியும். ஏன் "அநேகமா" எண்டு இழுக்கிறன் எண்டா, நீங்கள் போனது டிசம்பர். அந்தக் காலத்தில கிழக்கில இருந்து வேரியபிள் வீட்டியர் எண்டு இன்னொண்டும் கொஞ்சம் கொஞ்சமா வரும், அதிலயும் ஒரு வகை அச்சொட்டா இதே உடுப்பு. வித்தியாசம் கழுத்தில. ஹியூம்ஸுக்கு கறுப்பு தொண்டையோட நிண்டுடும், மற்றதுக்கு கறுப்பு நெஞ்சு வரைக்கும் இறங்கும். ஹியூம்ஸின்ட கறுப்பில ஒரு மினுக்கமும் இருக்கும், சப்பாத்துக்குப் பொலிஷ் போட்ட மாதிரி. நீங்கள் கழுத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்ல, அதால முத்திரை குத்த மாட்டன், ஆனா பந்தயம் பிடிக்கச் சொன்னா ஹியூம்ஸ் பக்கம்தான். (இந்த ஹியூம் ஆரெண்டு பார்த்தால், 1885ல இந்திய காங்கிரஸைத் தொடங்கி வைச்ச அதே வெள்ளைக்காரர்தான். அரசியலுக்கு முன்னால அவருக்குப் பறவைப் பைத்தியம். இவர் ஆந்தைக் கதையிலயும் திரும்பி வருவார், பொறுங்கோ.)

ரோட்டில இருந்து பார்க்கக்க ஒண்டுமே இல்லாத மாதிரி தெரியுற சரளைத் தரை இருக்கே, அதுதான் எனக்கு விருப்பமான இடம். ஏன் ஒண்டும் தெரியேல்ல எண்டா எல்லாம் தரையின்ட நிறத்தில இருக்கு. பாலைவன வானம்பாடி எண்டு ஒரு குருவி, பார்க்க ஒரு வடிவும் இல்ல, மண்ணில செய்து வைச்ச மாதிரி. ஆனா அது இருக்கிற இடத்துக்கு ஏற்ற மாதிரி நிறம் மாறியிருக்கு, வெளிறின மணல் பக்கம் இருக்கிறது வெளிறல், ஜோர்தானில கறுப்பு எரிமலைக்கல் பரவின இடத்தில இருக்கிற இனம் கிட்டத்தட்டக் கரி மாதிரி. இதின்ட கூட்டை ஒருக்கா கண்டன். ஒரு சின்னப் பத்தைக்கு அடியில பள்ளம், பள்ளத்தின்ட ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்னக் கல்லா பொறுக்கி அடுக்கி ஒரு வரம்பு கட்டியிருந்தது. எங்கட ஆக்கள் காங்கிரீட்டில கட்டுற ரிட்டெய்னிங் வோலை இது சொண்டாலயே கட்டி முடிச்சிருக்கு. தொழில் புத்தி, கல்லை எண்ணத் தொடங்கினன், பிறகு தாய் பக்கத்தில தவிக்கிறது தெரிஞ்சு பாதியில விட்டிட்டு வந்துட்டன். கூடு கண்டா நீங்களும் கன நேரம் நிக்காதைங்கோ, அந்த வெயிலில முட்டை கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலே பழுதாப் போயிடும்.

அதே தரையில, மணல் கலந்த பக்கமா, ஹூப்பூ லார்க் எண்டு ஒண்டு ஓடித் திரியும், நீளக் காலும் வளைஞ்ச சொண்டுமா. நிக்கக்க ஒண்டும் இல்ல, செட்டையை விரிச்சா கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா அடிக்கும். பெப்ரவரி மார்ச்சில வெள்ளன விடிய முதல் போய் நில்லுங்கோ, ஆண் பறவை விசில் அடிச்சுக்கொண்டு நேர மேல எழும்பி, உச்சியில குத்துக்கரணம் மாதிரி ஒரு திருப்பம் போட்டு, செட்டையை விரிச்சபடி விழும். அந்த விசிலுக்காகவே பைனாகுலர் கொண்டு போகலாம். கோடையில மத்தியானம் இது என்ன செய்யும் எண்டா, முள்வால் ஓணான் தோண்டின வளைக்குள்ள போய் ஒதுங்கும், சவூதியில ஆய்வு செய்த ஆக்கள் இதை எழுதி வைச்சிருக்கினம். மன்னாரில நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சாம்பல் தலை வானம்பாடிக்கு ஒண்டுவிட்ட சகோதரமும் அங்க இருக்கு, தலையில கறுப்புப் பட்டையோட. அதே மாதிரி மன்னாரில அருமையா காணுற இந்தியன் கோர்சருக்கும் அங்க வெளிறின சொந்தம் ஒண்டு இருக்கு. மன்னாருக்குப் போய்ப் பழகின கண் எண்டால் அங்க பாதி வேலை முடிஞ்சுது, உண்மையில நீங்கள் ஹோர்டன் பிளேன்ஸை விட்டு மன்னாரில பழகியிருக்கோணும்.

கல்கௌதாரி பற்றிச் சொல்லாம விட ஏலாது. எங்கட காம்பில தண்ணி பவுசர் நிக்கிற இடத்தில எப்பவும் ஒழுகி ஒரு சின்னக் குட்டை கிடக்கும். ஒரு ஏப்ரல் மாசம், காலமை எட்டு எட்டரை இருக்கும், தூரத்தில இருந்து கரகரத்த ஒரு சத்தம், பிறகு புறா மாதிரி பத்துப் பன்னிரண்டு பறவை வேகமா வந்து நூறு மீற்றர் தள்ளி இறங்கி, கொஞ்ச நேரம் அசையாம நிண்டு பார்த்திட்டு, குடுகுடு எண்டு குட்டைக்கு நடந்து வந்ததுகள். மற்றதெல்லாம் குடிச்சிட்டு உடன பறந்திட்டு, ஒரு ஆண் மட்டும் தண்ணிக்குள்ள இறங்கி வயிறு நனையக் குந்திட்டுது. குந்தினபடி ஆட்டுது, எழும்புது, திரும்பக் குந்துது. குளிக்குதாக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் தெரியும், அது குஞ்சுக்குத் தண்ணி கொண்டு போகுது. வயித்து இறகு பஞ்சு மாதிரி தண்ணியை உறிஞ்சி வைச்சிருக்கும், கிலோமீற்றர் கணக்கில பறந்து போய் நிண்டால் குஞ்சுகள் அடியில வந்து இறகைச் சப்பிக் குடிக்கும். 1896ல ஒரு இங்கிலீஸ்காரர் கூண்டில வளர்த்துப் பார்த்து இதை எழுதினபோது கன பேர் நம்பேல்ல, 1967ல கலஹாரிப் பாலைவனத்தில வேலை செய்த ரெண்டு பேர்தான் இது உண்மை எண்டு காட்டினவை. நான் பார்த்தது செம்பழுப்பு வயிறுக் கல்கௌதாரி. அண்டைக்கு ஃபோர்மன் பவுசரின்ட ஒழுக்கைத் திருத்தோணும் எண்டு நிண்டார், நான் ஒரு மாசம் இழுத்தடிச்சன், அந்தத் தண்ணிக் கணக்கை எந்த பில்லிலயும் போடேல்ல.

இனி வாதி. வாடி எண்டு எழுதினா எங்கட ஆக்களுக்கு மீன்வாடிதான் ஞாபகம் வரும், அதால வாதி எண்டே எழுதுறன். மலையில இருந்து இறங்குற காஞ்ச ஆத்துப் படுக்கை அது. அதோட ஒட்டித்தான் ஊரும், பேரீச்சந்தோட்டமும், ஃபலஜ் எண்டு சொல்ற பழைய வாய்க்காலும். 2006ல அதில ஐஞ்சு வாய்க்காலை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில சேர்த்தது. நிஸ்வாவில உங்கட அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலயே இப்படித் தோட்டம் இருக்கும், அங்க ஒரு மணித்தியாலம் நடந்தா ஊர் ஞாபகம் வரும். பனங்காடை, ஊதாத் தேன்சிட்டு, பச்சைக்கிளி, கௌதாரி, பஞ்சுருட்டான், எல்லாம் எங்கட முற்றத்து ஆக்கள். பஞ்சுருட்டானை மட்டும் இப்ப தனி இனமாப் பிரிச்சிட்டினம், அரேபியாவில இருக்கிறதுக்கு முகத்தில நீலம் கூட. காகமும் இருக்கு, வெள்ளவத்தைக் கடற்கரையில பார்சலைத் தூக்கிற அதே காகம், கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்து வீட்டு ஞாபகத்தில அழுத ஒருத்தரை எனக்குத் தெரியும், ஆரெண்டு சொல்ல மாட்டன்.

வாதியில குடை மாதிரி நிக்கிற வேல மரத்துக்குக் கீழ கூட்டமா கத்திக்கொண்டு திரியுறது அரேபியத் தவிட்டுக்குருவி. கொழும்பில எங்கட மதிலில ஏழெட்டா வந்து சண்டை பிடிக்கிறதே, சிங்கள ஆக்கள் தெமலிச்சா எண்டு சொல்லுவினம் (எங்களைச் சொல்லுறாங்களோ குருவியைச் சொல்லுறாங்களோ எண்டு சின்ன வயசில எனக்குக் குழப்பம்), அதின்ட சொந்தம்தான். இந்த அரேபியக் குருவியைத்தான் இஸ்ரேலில நெகேவ் பாலைவனத்தில அமோட்ஸ் ஸஹாவி எண்ட விஞ்ஞானி பல வருசம் கூடவே இருந்து பார்த்தவர். கூட்டத்தில ஒண்டு காவலுக்கு உச்சியில நிக்கும், மற்றதுக்குத் தீத்தி விடும், அதை உதவி எண்டு சொல்லாம, "பார், நான் எவ்வளவு பெரிய ஆள்" எண்டு காட்டுற கெத்து எண்டு சொன்னவர் அவர். விஞ்ஞானிகள் எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளேல்ல, இண்டைக்கும் விவாதம்தான். எனக்கு எங்கட கல்யாண வீட்டு மாமாமார் ஞாபகத்துக்கு வந்ததால நான் ஸஹாவி கட்சி. மணல் பக்கத்தில நிக்கிற காஃப் மரத்தையும் பாருங்கோ, தமிழ்நாட்டுக் கோயில்களில வைச்சுக் கும்பிடுற வன்னி மரம்தான் அது. வெளியில தனியா ஒரு வன்னி நிண்டா அதைச் சுத்தாம போகாதைங்கோ, மாரி காலத்தில வலசை வாற சின்னக் குருவி எல்லாம் அந்த ஒரு மரத்துக்குள்ளதான் ஒளிச்சிருக்கும்.

மேல பார்த்தீங்கள் எண்டா கழுகு. இலங்கையில இருந்து போற ஆக்களுக்கு இது புதுசு, எங்களுக்கு நிரந்தரமா ஒரு பாறும் (பிணந்தின்னிக் கழுகு) இல்லையே. அங்க மஞ்சள்முகப் பாறு ஊர்க்கோழி மாதிரி. திருக்கழுக்குன்றத்தில மத்தியானம் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்னுற கழுகு எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா, அதே சாதிதான், திருக்கழுக்குன்றத்துக்கு இப்ப வாறதில்ல. உலக அளவில அழியிற நிலை எண்டு 2007ல பட்டியல் போட்ட பறவை, ஓமானில தாராளம், மசிரா தீவிலயும் நிறைய இருக்கு. மாரியில மஸ்கட் குப்பை கொட்டுற பக்கம் போனால் இதோட வடக்கில இருந்து வாற ஸ்டெப் கழுகும் நூற்றுக்கணக்கில குந்தியிருக்கும். மணம் தாங்கினா உலகத்தில அதை விட நல்ல காட்சி இல்ல. லப்பெட் எண்டு சொல்ற ராட்சதப் பாறும் மலையடிவாரத்தில கூடு கட்டுது. கடல் பக்கம் தைமானியாத் தீவுகளில சூட்டி ஃபால்கன் எண்டு சாம்பல் நிற வல்லூறு இருக்கு, மற்றப் பறவை எல்லாம் குஞ்சு வளர்த்து முடிக்கிற கடும் கோடையிலதான் இது முட்டையிடும், ஏனெண்டா செப்டெம்பரில வடக்கில இருந்து களைச்சு வாற வலசைக் குருவிகளைப் பிடிச்சுத்தான் குஞ்சு வளர்க்கிறது. பிறகு மடகஸ்காருக்குப் போயிடும்.

ஆந்தைக்கு வாறன். இதிலதான் நான் கவனமாக் கதைக்கோணும், சத்தத்தை எழுத்தில வைச்சு ஆந்தை சொல்ற ஆளை நம்பாதைங்கோ. நீங்கள் எழுதினது "ஊ ஊ எண்டு திரும்பத் திரும்ப". ஒரே சுரத்தில, தாளம் தப்பாம, நிப்பாட்டாம போனது எண்டா அது பேரீச்சந்தோட்டத்தில இருக்கிற சின்ன பாலிட் ஸ்கொப்ஸ் ஆந்தையா இருக்கலாம், அது சாதாரணம். முதல் ஒண்டு நீளமா, சின்ன இடைவெளி விட்டு, பிறகு மூண்டு அடுத்தடுத்து, மொத்தம் நாலு அசை எண்டா, தம்பி, நீங்கள் அதிர்ஷ்டக்காரன். 2013 மார்ச்சில ஹஜர் மலையில மாக்னஸ் ராப் எண்டவர் வேற ஆந்தையின்ட சத்தத்தைப் பதிய மைக் வைச்சுக்கொண்டிருக்க, அவருக்குத் தெரியாத ஒரு குரல் அதில விழுந்திட்டுது. ஒரு உடலும் கையில இல்லாம, சத்தத்தையும் படத்தையும் வைச்சு அந்த வருசமே புது இனம், ஓமான் ஆந்தை எண்டு எழுதினாங்கள். ரெண்டு வருசத்தில கதை திரும்பிட்டுது. எங்கட ஹியூம் 1878ல மக்ரான் கரையில (இப்ப பாகிஸ்தான் பக்கம்) கிடைச்ச ஒரே ஒரு ஆந்தையை வைச்சு பட்லரி எண்டு பேர் வைச்சிருந்தார். பிறகு வந்த ஆக்கள் எகிப்து, இஸ்ரேல் பக்கத்து வெளிறின ஆந்தையும் அதுதான் எண்டு நூறு வருசத்துக்கு மேலா அந்தப் பேரிலயே சொல்லிக்கொண்டு வந்திட்டினம். மியூசியத்தில இருந்த அந்தப் பழைய உடலை எடுத்து டி.என்.ஏ. பார்த்தால், மற்றதுகளோட ஒட்டேல்ல, புதுசு எண்டு சொன்ன ஓமான் ஆந்தைதான் ஹியூமின்ட ஆந்தை. புதுப் பேர் தேவைப்பட்டது வெளிறின மற்றதுக்குத்தான், அதுக்கு 2015ல ஹதோராமி எண்டு வைச்சினம். நான் பதினொரு வருசத்தில அதை ஒருக்காவும் காணேல்ல. செங்குத்துப் பாறைக்கு அடியில ரெண்டு தரம் கேட்டன், அதில ஒண்டுதான் நிச்சயம், மற்றது தூரத்தில லொறியும் போய்க்கொண்டிருந்தது, கணக்கில சேர்க்கேல்ல.

மலை உச்சிக்குப் போகவே வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஜெபல் ஷம்ஸ் மூவாயிரம் மீற்றர், ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல ஜுனிபர் மரங்கள் தொடங்கும், முறுக்கிப் பிழிஞ்ச மாதிரிக் கிழட்டு மரங்கள். அங்கதான் ஒரு மாற்றம் வரும். பெரிய மரப்புறா ஒரு சின்னக் கூட்டம் அந்த ஜுனிபரை நம்பி இருக்கு, ஈரான் பக்கத்துச் சொந்தம், முந்தின குளிர் யுகத்தில இருந்து தனிச்சுப் போன மிச்சம் எண்டு சொல்லுவினம். மாரியில இன்னும் நாலைஞ்சு விருந்தாளி சேரும். ஜெபல் அக்தருக்கு ஃபோர் வீல் இல்லாம செக்பொயின்ட்டில விட மாட்டினம், அண்ணனிட்ட இப்பவே கேட்டு வையுங்கோ.

தோஃபார் வேற நாடு மாதிரி. ஜூனில இருந்து செப்டெம்பர் வரைக்கும் மழைப்புகார் வந்து மலை எல்லாம் பச்சை, பறவையும் ஆபிரிக்கப் பக்கத்துப் பறவை. தாவி அதைர் எண்டு ஒரு பாதாளக் குழி இருக்கு, பேருக்கு அர்த்தமே பறவைகளின்ட கிணறு, இருநூறு மீற்றருக்கு மேல ஆழம். அதின்ட விளிம்பில குந்தியிருந்து யேமன் செரின் எண்ட சின்னக் குருவிக்காக ஒரு காலமை முழுக்கக் காத்திருந்தன், கிடைச்சது. தோஃபாரின்ட பெரிய ஊரான சலாலாவுக்குப் போக லீவு கிடைச்சா விடாதைங்கோ, ஆனா அதைப் பற்றி என்னை விடத் தெரிஞ்ச ஆக்கள் இங்க இருந்தால் எழுதுங்கோ.

நீங்கள் போறது ஜனவரி, நல்ல காலம், ஏப்ரல் மட்டும் நிப்பாட்டாம பாருங்கோ, மே வந்தால் ஏழு மணிக்குப் பிறகு வெளியில நிக்க ஏலாது. வாதிக்குள்ள காரை நிப்பாட்ட முதல் மலைப் பக்கம் கறுத்திருக்கோ எண்டு பாருங்கோ, உங்களுக்கு மேல வெயில் எறிக்கக்க அங்க பெய்த மழை பத்து நிமிசத்தில வெள்ளமா வந்திடும், எங்கட பிக்கப் ஒண்டை அப்படித்தான் குடுத்தம். அண்ணனிட்ட ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ, அந்த ஆந்தைச் சத்தம் வந்த பக்கம் தோட்டமோ, இல்லாட்டி செங்குத்துப் பாறையோ? குருவியின்ட கறுப்பு எங்க முடிஞ்சது எண்டதையும் ஃபோனில படம் ஏதும் இருந்தால் பெரிசாக்கிப் பார்த்திட்டு இதுக்குக் கீழ போடுங்கோ, மிச்சத்தைக் கதைப்பம்.